இரண்டு உயரத்துக்கு ஒரு சீட்

எனக்கும் என் மனைவிக்கும் தேர்வாய் கண்டிகை தொழிற்பேட்டையில் வேலை. அப்போது இருவருக்கும் ஒரே மவுண்டன் சைக்கிள்தான். நான் காலை ஷிப்ட் முடித்து வந்து இறங்கியதும் அவள் ஏறிப் போவாள். நான் நெட்டை, அவள் குட்டை. தினமும் சீட்டைத் தளர்த்தி இறக்குவதற்குள் அவளுக்கு நேரமாகிவிடும்.

லீவரை அழுத்தினால் சீட் இறங்குகிற டிராப்பர் போஸ்ட் என்ற சீட் கம்பி வாங்கப் போனேன். இருப்பதிலேயே நீளமானதை எடுத்தேன்.

"அண்ணே, இது சைக்கிள் குழாய்க்குள்ள முழுசா போவாது. இறக்கினாலும் சீட்டு உயரமாத்தான் நிக்கும்" என்றார் கடைக்காரர்.

நான் உட்கார்ந்து பார்த்தேன். எனக்குச் சரியாக இருந்தது. வாங்கிவிட்டேன்.

மறுநாள் அவள் ஏறிப் போனதை வாசலில் நின்று பார்த்தேன். திருப்பத்தில் லாரி வந்தது. பிரேக் பிடித்துக் காலை ஊன்றப் போனாள். சீட்டை முழுக்க இறக்கியிருந்தும் கால் தரைக்கு எட்டவில்லை. விழுந்தாள். லாரியின் பின்சக்கரம் அவள் கைக்கு ஒரு முழம் தள்ளிப் போனது.

ஓடிப்போய்த் தூக்கினேன்.

"இன்னாய்யா, உன் காலுக்கு மட்டும் அளவு பாத்துக்கினு வந்தியா?" என்றாள்.

அன்றே அவளைக் கடையில் உட்காரவைத்துப் பார்த்து, நீளம் குறைந்ததாக மாற்றினேன்.

இப்போது இருவருக்கும் அவரவர் ஷிப்டுக்குக் கம்பெனி பஸ் வருகிறது. சைக்கிளைக் கைமாற்றும்போது வாசலில் பேசிக்கொண்ட அந்த இரண்டு வார்த்தையும் நின்றுபோனது. அதனால் வீட்டுக்கு எது வாங்கினாலும் அவளையும் அழைத்துக்கொண்டு, பேசியபடி நடந்தே போகிறேன்.