பதிலுக்குக் காத்திராத நன்றி

போன வாரம் கவிதா பதுளைக்கு வந்து என் வீட்டு வாசலில் நின்றாள். என் பள்ளித் தோழியின் மகள்; தோழி மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறாள். கையில் போன். திரையில் ஒரு ஸ்கிரீன்ஷாட்: ‘நன்றி. உங்கள் விண்ணப்பம் கிடைத்தது.’

கிடைக்கவில்லை என்கிறார்களாம்!

தாதியர் பயிற்சிக்கு இணையத்தில் விண்ணப்பித்திருந்தாள். நேர்முகத் தேர்வுப் பட்டியலில் பெயர் இல்லை. வயதெல்லைப்படி இதுதான் அவளுக்குக் கடைசி வாய்ப்பு. விண்ணப்பம் வாங்கும் அலுவலகத்துக்குப் போன் போட்டேன். எடுத்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். பொறுமையாகத்தான் தேடிப் பார்த்தார்.

“சேர்வரில ஒண்டும் இல்லை ஐயா. பிள்ளை அனுப்பேல்லை.”

அனுப்பவில்லையா? அப்படியானால் நன்றி சொன்னது யார்... பேயா?

இணையத்தளங்கள் செய்து கொடுக்கும் என் மகனிடம் அந்தப் பக்கத்தைக் காட்டினேன். நாம் நிரப்புவதை, பக்கத்துக்குள் இருக்கும் ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல் அள்ளிக்கொண்டுபோய், விண்ணப்பங்களைச் சேர்த்து வைக்கும் கணினியான சேர்வரிடம் கொடுக்குமாம். ‘வந்து சேர்ந்தது’ என்று சேர்வர் பதில் சொன்ன பிறகுதான் நன்றி காட்ட வேண்டுமாம்.

“இதுல பதிலுக்கே காத்திருக்கலப்பா. பட்டன அமுக்குன ஒடனே நன்றின்னு காட்டிருது.”

கொழும்பில் உட்கார்ந்து அதை எழுதியவருக்கு அழுத்துவதும் போய்ச் சேர்வதும் ஒன்றுதான். அவர் எங்கே கவிதாவின் தோட்டத்தைப் பார்த்தார்? தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் சிக்னல் கிடையாது. மேட்டுப் பாறையில் ஏறினால் ஒரு கோடு வரும். பாறையில் ஒருவர்தான் உட்காரலாம். மற்றவர்கள் கீழே வரிசையில் நிற்பார்கள். வேலை முடிந்ததும் இறங்கி இடம் விட வேண்டும் — அதுதான் அங்கே மரியாதை.

“நன்றின்னு வந்திருச்சு மாமா. பின்னால ஆளுங்க நிக்கிறாங்க. அதுக்கப்புறமும் குந்திக்கிட்டிருந்தா நல்லாவா இருக்கும்?”

இறங்கினாள். சிக்னல் போனது. பாதி வழியில் இருந்த விண்ணப்பமும் போனது.

திரும்பப் போன் போட்டு எல்லாவற்றையும் விளக்கினேன். முடிவுத் திகதி கடந்துவிட்டது, அடுத்த வருடம் போடச் சொல்லுங்கள் என்றார். அடுத்த வருடம் வயது குறையுமா? கேட்டேன்.

பிழை விட்டது பக்கம், தண்டனை பிள்ளைக்கு! கைக்கு வராததை வந்தது என்று ஒரு மனிதர் சொன்னால் பொய் என்கிறோம். அதையே கம்ப்யூட்டர் சொன்னால் மட்டும் தொழில்நுட்பக் கோளாறா?

கவிதாவுக்கு ஓர் இடம் கேட்டு, மேலதிகாரிக்குக் காரசாரமாக எழுதியிருக்கிறேன். நீங்களும் எழுதுங்கள்.

இணையத்தில் அல்ல — பதிவுத் தபாலில்.