நாங்கள் தங்காத அறை

லட்சத்தீவுக்குப் போக வேண்டும் என்று முதலில் ஆசைப்பட்டது என் மகள்தான். அப்போது ஏழாம் வகுப்பில் இருந்தாள். நீச்சல் வகுப்புத் தோழி ஒருத்தி தண்ணீருக்கடியில் ஆமையோடு எடுத்துக்கொண்ட படத்தைக் காட்டிவிட்டாள். அன்றிலிருந்து வீட்டில் வேறு பேச்சே இல்லை. கொச்சியில் இருந்துகொண்டு லட்சத்தீவைப் பார்க்காமல் இருப்பதா என்று கேட்டுக் கேட்டு, கடைசியில் எங்களுக்கும் அந்த ஆசையை மூட்டிவிட்டாள்.

எங்களுக்குத் தீவில் தெரிந்தவர்களும் இருந்தார்கள். மட்டாஞ்சேரியில் சுக்கு, மிளகுக் கிடங்குகளுக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் வீடு. விருதுநகரிலிருந்து வத்தல் வியாபாரத்துக்கு வந்த என் மாமனார் கட்டியது. மாடியில் ஓர் அறையும் சின்னச் சமையல்கட்டும் உண்டு. அதற்கு மூன்று வருடம் முன்னால் அங்கே ஒரு தீவுத் தம்பதி வாடகைக்கு வந்தார்கள். கணவருக்குத் தொண்டையில் கட்டி. எர்ணாகுளத்தில் சிகிச்சை. ஏழு மாதம் இருந்தார்கள். அந்த அம்மாவுக்கு என்னைவிடப் பத்து வயது கூடுதல் இருக்கும். இத்தா என்று கூப்பிடுவேன். அவர்கள் பக்கத்தில் அக்காவுக்கு அதுதான் பெயர். அவர் கணவரை இக்கா என்போம். இத்தா பேசியது தீவு மலையாளம், நான் பேசியது தமிழும் மலையாளமும் கலந்த மட்டாஞ்சேரிப் பேச்சு. இரண்டு பேருக்கும் அது போதுமாக இருந்தது.

அவர்கள் வந்த இரண்டாம் மாதம் எனக்கு டெங்கு வந்தது. என் கணவருக்குக் காக்கநாட்டில் ஐ.டி. வேலை, காலையில் போனால் இருட்டித்தான் வருவார். எனக்கோ எழுந்து உட்காரக்கூடத் தெம்பில்லை. இத்தா காலையில் இக்காவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய், மத்தியானம் திரும்பி வந்ததும் மாடிக்குப் போகாமல் நேராக எங்கள் சமையலறைக்கு வருவார். கஞ்சி வைத்து, என்னைச் சாய்த்து உட்காரவைத்துக் குடிக்க வைப்பார். மகளுக்குத் தலை பின்னிவிடுவார். என் உள்பாவாடையைக்கூட அவர்தான் துவைத்துப் போட்டார். தன் புருஷனுக்கு உயிரே ஊசலாடிக்கொண்டிருந்த நேரத்தில் பதினோரு நாள் அந்த அம்மா எனக்காக மெனக்கெட்டார்.

இக்காவுக்குக் குணமாகி அவர்கள் கிளம்பிய அன்று கப்பல்துறை வரை போனேன். இத்தா என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். மகளே என்பதுபோல் என்னை மோளே என்றுதான் கூப்பிடுவார்.

"மோளே, எங்கட தீவுக்கு ஒருக்கா வரணும். வந்தா எங்கட வீட்டுலதான் தங்கணும். வேற எங்கயும் தங்கக் கூடாது, கேட்டியா?"

"கண்டிப்பா வருவோம் இத்தா. உங்க வீட்டுலதான்" என்றேன். அப்போது மனதாரத்தான் சொன்னேன்.

அதனால் மகள் ஆசைப்பட்டதும் இத்தாவுக்குத்தான் முதலில் போன் செய்தேன். தீவுக்குப் போக அனுமதிச் சீட்டு வேண்டும். உள்ளூர்க்காரர் ஒருவர் எங்களுக்குப் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. முழுதாகத் தேறாத உடம்போடு இக்கா நாலு தடவை அலுவலகத்துக்கு அலைந்து அந்தக் காகிதத்தை அனுப்பிவைத்தார்.

காகிதம் கைக்கு வந்த வாரம், ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டு மேசையில் கம்ப்யூட்டரைத் திறந்துவைத்துக்கொண்டு என் கணவர் கூப்பிட்டார்.

"இங்க வந்து பாரு. அதே தீவுலதான்."

மணலில் ஓலைக்கூரை போட்ட குடில்கள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஊஞ்சல். பத்தடி நடந்தால் பச்சைத் தண்ணீர். டைவிங் சொல்லிக்கொடுக்கும் பள்ளியும் அங்கேயே இருந்தது. காலை ஏழு மணிக்குப் படகு அந்தக் கரையிலிருந்தே கிளம்பும்.

"இத்தாகிட்ட வர்றோம்னு சொல்லியாச்சே" என்றேன்.

"போவோமே. ஒருநாள் போய்ச் சாப்பிட்டுட்டு வருவோம். ஆனா நாலு நாளும் அங்கயே தங்குறது யோசிச்சுப் பாரு. அவங்க வீடு அந்தக் கரையில, டைவிங் இந்தக் கரையில. நான் டிரௌசரோட அவங்க வீட்டுக்குள்ள நடக்க முடியுமா? நீ நனஞ்ச துணியோட உள்ள போவியா? பாத்ரூம் எப்படியிருக்குமோ, என் முட்டிக்குக் குந்தவும் முடியாது."

அவர் சொன்னதில் தப்பென்று எதுவுமில்லை. நான் எதிர்த்தும் பேசவில்லை. அவர்மேல் பழியைப் போட்டுவிட்டு நான் நல்லவளாக நிற்கப் பல தடவை முயன்றிருக்கிறேன், ஆனால் உண்மை வேறு. அந்த ஊஞ்சலைப் பார்த்ததுமே என் மனம் அங்கே போய் உட்கார்ந்துவிட்டது. நான் பள்ளிக்கூட டீச்சர், வருடம் முழுக்க வகுப்பறையும் அடுப்படியும். நாலு நாளாவது யார் வீட்டு விருந்தாளியாகவும் இல்லாமல், சாப்பாட்டைப் புகழாமல், தட்டைக் கழுவப் போகவா வேண்டாமா என்று தயங்காமல், சும்மா இருக்க ஆசைப்பட்டேன்.

"புக் பண்ணுங்க. இத்தாகிட்ட நான் பக்குவமா சொல்லிக்கிறேன்" என்றேன்.

சொல்லவில்லை. அடுத்த மூன்று வாரத்தில் மூன்று தடவை பேசினோம். ஒவ்வொரு தடவையும் சொல்வதற்கென்றே போனை எடுத்தேன். முதல் தடவை இத்தா அழாத குறையாகச் சந்தோஷப்பட்டார், வாய் வரவில்லை. இரண்டாம் தடவை பக்கத்தில் ஆட்கள் இருந்தார்கள். மூன்றாம் தடவை அவரே கேட்டார்.

"மோளே, மெத்தை ஒண்ணு மதியோ, ரெண்டு வேணுமோ? மோளு தனியா கிடக்குமா?"

அந்த இடத்திலாவது சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்ன பதில், "ஒண்ணு போதும் இத்தா. அவ தரையில படுத்துக்குவா."

மெத்தைக் கணக்குக்குப் பதில் சொல்ல முடிந்த எனக்கு இதைச் சொல்ல முடியவில்லை.

கப்பலில் ஒரு பகலும் ஓர் இரவும். காலையில் கப்பல் ஆழக் கடலிலேயே நிற்க, சின்னப் படகில் எங்களை இறக்கிக் கரைக்குக் கொண்டுபோனார்கள். படகுத்துறையில் இரண்டு வண்டிகள் நின்றன. ஒன்று விடுதி வேன். சீருடை போட்ட ஆள் என் கணவர் பெயரெழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதற்குப் பின்னால் யாரிடமோ கேட்டு வாங்கிவந்த ஒரு சரக்கு ஆட்டோ. பின்பக்கத்தில் பாய் விரித்து, மேலே இரண்டு நாற்காலி கட்டியிருந்தார்கள். பக்கத்தில் இத்தாவும் இக்காவும். இக்கா கழுத்து மெலிந்து, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் நின்றார்.

மகள் ஓடிப்போய் இத்தாவைக் கட்டிக்கொண்டாள். இத்தா என் பையை வாங்கக் கை நீட்டினார். நான் கொடுக்கவில்லை.

"இத்தா, ஒரு விஷயம். டைவிங் பண்றவங்க அந்த ரிசார்ட்லதான் தங்கணுமாம். ரூலாம். இன்சூரன்ஸ் சமாச்சாரம் ஏதோ. நேத்துதான் சொன்னாங்க."

என் கணவர் சட்டென்று கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். மகள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். ஒரு மாதத்துக்கு முன்னால் அந்தக் குடில்களில் கடற்கரையை ஒட்டியதாகத் தேர்ந்தெடுத்ததே அவள்தான்.

இத்தா நீட்டிய கையை இறக்கிக்கொண்டு இக்காவைப் பார்த்தார்.

"ரூலுன்னா ரூலுதானே" என்றார் இக்கா. சிகிச்சைக்குப் பிறகு குரல் அவருக்குக் காற்றாகத்தான் வரும்.

"அது சாரமில்ல" என்றார் இத்தா. பரவாயில்லை என்று அர்த்தம். ஆட்டோவிலிருந்து சீவி வைத்திருந்த மூன்று இளநீரை எடுத்து எங்கள் கையில் கொடுத்தார். "இது குடிச்சிட்டுப் போங்க. நாளைக் கழிச்சு சோறு உண்ண வரணும். அதுக்கு ரூலில்லையே?"

இல்லை என்றேன்.

மறுநாள் காலை படகில் ஏறினோம். கரையைச் சுற்றி வட்டமாக நிற்கும் பவளப்பாறை, அதற்குள்ளே குளம் மாதிரி அசையாத கடல். எங்களோடு பெங்களூர்க்காரர்கள் இரண்டு பேர் வந்தார்கள். சுக்கான் பிடித்தவர் நடுவயதுக்காரர். என் மகள் உடுப்பு மாட்டத் திணறியபோது உதவி செய்துகொண்டே கேட்டார்.

"மட்டாஞ்சேரி டீச்சரல்லே? நான் இத்தாத்தாவோட அனியன். உங்க டெங்கு கத எல்லாம் எனக்குத் தெரியும்."

சிரிக்க முயன்றேன். அவர் வெகுளியாகப் பேசிக்கொண்டே போனார். "இந்தச் சாருங்க ரெண்டு பேரும் எங்கட மாமன் வீட்டுலதான் தங்கியிருக்காங்க. ஏழரைக்கு வந்தாலும் நான் படகை நிறுத்தி வைப்பேன். நம்ம ஆளுங்கதானே."

மகள் என்னைப் பார்க்காமல் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். அனியன் என்றால் தம்பி. சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போய் அவர் என்ன சொல்வார் என்று நான் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

மூச்சுவிடும் குழாயைக் கவ்விக்கொண்டு முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து மிதந்தேன். மஞ்சள் மீன்கள் கூட்டமாக ஒரே பக்கம் திரும்பின. நீல விளிம்போடு ஒரு சிப்பி வாயைத் திறந்து மூடியது. ஆமையும் வந்தது. மகள் தண்ணீருக்குள்ளேயே குழாயில் கத்தினாள். என் காதில் என் மூச்சு மட்டும் இரைந்துகொண்டிருந்தது. இதற்காகத்தான் பொய் சொன்னேன் என்று நினைத்துக்கொண்டு பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது. ரொம்ப நேரம் பார்க்க முடியவில்லை, படகில் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் இத்தா வீட்டுக்குப் போனோம். தென்னைகளுக்கு நடுவே தாழ்வான ஓட்டு வீடு. சூரை மீன் வறுவல், தேங்காய்ச் சோறு, பப்பாளிப் பொரியல். இத்தா பரிமாறிக்கொண்டே இருந்தார். ரூலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தம்பியைப் பற்றியும் இல்லை. இக்கா அருகில் உட்கார்ந்து கஞ்சிதான் குடித்தார்.

கை கழுவப் போன மகள் உள்ளே இருந்து கூப்பிட்டாள்.

"அம்மா! இங்க வந்து பாருங்களேன்."

சுண்ணாம்பு வாசம் போகாத ஓர் அறை. சுவர் இளநீலம். கட்டிலில் புது மெத்தை, தரையில் இன்னொன்று. நான் ஒன்று போதும் என்று சொல்லியும் இரண்டு வாங்கியிருந்தார். கொசுவலை. நாற்காலியில் மூன்று துண்டுகள் மடித்து வைத்திருந்தார்கள். ஒட்டினாற்போல் குளியலறை. அங்கே புதிதாக வெஸ்டர்ன் டாய்லெட் வைத்திருந்தார்கள். மேலே சுற்றிய பிளாஸ்டிக் தாளைக்கூட இன்னும் பிரிக்கவில்லை.

பின்னாலேயே வந்த என் கணவர் அதைப் பார்த்துவிட்டு நின்றார். அவருக்கு முட்டி மடங்காது என்பது மாடியில் குடியிருந்த நாளிலேயே இத்தாவுக்குத் தெரியும்.

"இது நமக்கா இத்தாத்தா?" என்று மகள் கேட்டேவிட்டாள்.

"இல்ல மோளே" என்றார் இத்தா, அவசரமாக. "எங்கட மோனுக்குக் கல்யாணம் பாக்குறோமில்ல. அதுக்கு அடிச்சது."

மகன் துபாயில் இருந்தான். கல்யாணப் பேச்சே அதுவரை எங்கள் காதில் விழுந்ததில்லை. என் பொய்யை மூடுவதற்கு அவர் ஒரு பொய் சொல்ல வேண்டியதாயிற்று.

வெளியே வந்ததும் என் கணவர் மெதுவாகச் சொன்னார். "பெட்டிய எடுத்துட்டு இங்க வந்துரலாம். இன்னும் ஒரு ராத்திரி இருக்குல்ல. போய்க் கேளு."

இத்தா பின்கட்டில் பாத்திரம் எடுத்துவைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன்.

"இத்தா, இன்னிக்கு நாங்க இங்க தங்கிக்கட்டுமா?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்.

"வேண்டா டீச்சர்" என்றார். "ரூலு இருக்கில்லே."

அந்த ஏழு மாதத்தில் ஒருநாள்கூட அவர் என்னை டீச்சர் என்று கூப்பிட்டதில்லை, மோளேதான். அங்கேயே காலில் விழுந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். முற்றத்தில் இக்கா என் மகளுக்குச் சோழி பொறுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் காதில் விழுமோ என்று பயந்தேன். சொல்லாமல் வந்துவிட்டேன்.

ஊர் திரும்பிய பிறகு நான் அனுப்பிய செய்திகளுக்கெல்லாம் பதில் வந்தது, சுருக்கமாக. ஐந்து மாதம் கழித்து இக்காவைப் பரிசோதனைக்குக் கூட்டி வந்திருக்கிறார்கள் என்று படகோட்டிய இத்தாவின் தம்பி மூலம் தெரிந்தது. எங்கள் மாடி காலியாகத்தான் இருந்தது. ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு லாட்ஜில் தங்கியிருந்தார்கள். சனிக்கிழமை காலையில் தனியாகப் போனேன்.

இத்தா கதவைத் திறந்தார். இக்கா தூங்கிக்கொண்டிருந்தார். ஒரே கட்டில் உள்ள அறை. உட்கார இடமில்லாமல் வராந்தாவில் நின்றோம்.

"இத்தா, ரூலெல்லாம் ஒண்ணுமில்ல. நான் பொய் சொன்னேன். எங்களுக்கு அந்த எடம் பிடிச்சிருந்தது, அங்க தங்கினோம். உங்ககிட்ட முன்னாடியே சொல்ல எனக்கு வாய் வரல. மன்னிச்சிருங்க."

"அது எனக்கு அன்னிக்கே தெரியும்" என்றார். கோபமில்லாமல்தான் ஆரம்பித்தார். "டீச்சர், கடலு பாக்க வந்தவங்களுக்குக் கடலோரம் தங்க இஷ்டம் வராதா? நேரா சொன்னா நான் சங்கடப்படுவேனா? ரெண்டு நேரம் சோத்தத் தூக்குல எடுத்துட்டு நானே அங்க வந்திருப்பேன். இந்த மனுஷன் வெயில்ல நின்னு அந்த அறைக்குச் சுண்ணாம்படிச்சாரு. வேண்டான்னு நான் சொன்னேன். கேக்கல. டீச்சர் வீட்டுல நம்மள எப்படி வச்சிருந்தாங்கன்னு சொல்லிச் சொல்லி அடிச்சாரு. அவரு கேட்டாரு, அவங்க நம்ம வீட்டுக்குள்ள வர மடிச்சாங்களான்னு. நான் என்ன பதில் சொல்லுவேன்?"

மடித்தல் என்றால் தயங்குவது. பாத்ரூம் எப்படியிருக்குமோ என்று எங்கள் சாப்பாட்டு மேசையில் பேசிய பேச்சு நினைவுக்கு வந்தது. அழுதேன். இத்தா அழவில்லை, தேற்றவும் இல்லை. மகளுக்கு இப்போது எந்த வகுப்பு என்று கேட்டார். எட்டு என்றேன்.

"இங்க வேண்டாம் இத்தா. வீட்டுக்கு வந்துருங்க. மாடி காலியாத்தான் இருக்கு."

"இங்கேந்து இவரு நடந்தே ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்றார். அதுவும் உண்மைதான். உள்ளே இக்கா இருமும் சத்தம் கேட்டது. இத்தா உள்ளே போய்விட்டார்.

வீட்டுக்கு வந்ததும் என் கணவர், "என்ன சொன்னாங்க?" என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன். இக்கா கேட்ட அந்தக் கேள்வியை மட்டும் சொல்லவில்லை. அதைத் தாங்கிக்கொள்ள வேண்டியவள் நான்தான் என்று தோன்றியது. இப்போதும் அப்படித்தான் தோன்றுகிறது.