கால் எட்டாத பெஞ்சு

உட்காரும் சமநிலையைச் சோதிக்கும்போது குழந்தையின் இரு பாதங்களும் தரையில் பதிந்திருக்க வேண்டும் என்பது விதி. அம்பத்தூரில் நாங்கள் போன தெரபி மையத்தின் பெஞ்சு பெரியவர்களுக்காகச் செய்தது. மூளை முடக்குவாதம் உள்ள என் பேத்திக்குக் கால்கள் அந்தரத்தில் தொங்கின. பெஞ்சில் ஊன்றிய கையை எடுத்ததும் சரிந்தாள். தனியாக உட்கார இயலாது என்று எழுதிவிட்டால் பள்ளியில் சேர்க்க மாட்டார்கள்.

விதியைச் சொன்னேன்.

"இன்னா சார், பெஞ்சுக்குக் கால வெட்ட சொல்றீங்களா?" என்றார் உதவியாளர்.

சோதித்த தெரபிஸ்ட் பேனாவை மூடினார். "பெஞ்சப் பத்தி மேலிடத்துக்கு மனு போடுங்க சார். பாப்பாவ அடுத்த வாரம் கூட்டிட்டு வாங்க. அதுவரைக்கும் நான் எதுவும் எழுதல."

அரசுப் பணிக்காலம் முழுக்க மனுக்களுக்குப் பதில் எழுதியவன் நான். அதனால் மனுவை அனுப்பிவிட்டு, அடுத்த வாரம் வீட்டிலிருந்த இரண்டு மணைகளையும் ஆட்டோவில் ஏற்றினேன். அடுக்கிய மணைமேல் பாதம் பதித்து, கைகளை மடியில் வைத்து நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"போதுமா தாத்தா? கொட்டாவி வருது."

தெரபிஸ்ட் சிரித்தபடி எழுதினார்.

பெஞ்சின் உயரம் பரிசீலனையில் உள்ளதாக மனுவுக்குப் பதில் வந்தபோது அவள் ஒன்றாம் வகுப்பில் இருந்தாள். பதிலில் இருந்த தேதி, அலுவலகங்களில் பழைய கோப்புகளைத் தூசி தட்டும் ஆயுத பூஜைக்கு முந்தின நாள்.