மூணு சொட்டு ஜோஜோபாவும் முழு பாட்டில் கோபமும்

அரியலூரில் பியூட்டி பார்லர் நடத்துகிறவளுக்கு முதலில் வேண்டியது கத்தரிக்கோல் இல்லை, பல்லைக் கடித்துக்கொள்ளும் பழக்கம். கவுண்டருக்குப் பின்னால் நின்று சிரித்துச் சிரித்தே தாடை வலித்தவர்கள் எல்லோரும் எனக்குச் சொந்தக்காரர்கள்தான். உங்களிடம் கொட்டாமல் வேறு யாரிடம் கொட்டுவேன்?

வெள்ளிக்கிழமைக் குளியல்

குரும்பலூரிலிருந்து இங்கே வேலைக்கு வரும் டீச்சர் ஒருவர், முடி நுனி வைக்கோலாகக் கிடக்கிறது என்றார். ஜோஜோபா என்கிற பாலைவனச் செடியின் விதை எண்ணெய், ஒரு சின்ன பாட்டில் கொடுத்தேன். "பேருக்குத்தான் எண்ணெய், உண்மையில் இது மெழுகு வகை. நம்ம தோல்ல சுரக்கிற எண்ணெய் மாதிரியே இருக்கும், பிசுபிசுக்காது. குளிச்சிட்டு ஈரத்தோட மூணு சொட்டு நுனியில தடவுங்க, போதும்" என்று கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னேன். நன்றாகத் தலையாட்டினார்.

வெள்ளிக்கிழமை, நல்லெண்ணெய்க்குப் பதிலாக முழு பாட்டிலையும் உச்சந்தலையில் கவிழ்த்து, ஊறவைத்து, சீயக்காய் போட்டுச் சுத்தமாகத் தேய்த்து எடுத்துவிட்டார். அடுத்த வாரம் காலி பாட்டிலை என் மேஜையில் டொக்கென்று வைத்தார்.

"ஒரு தல நனையக்கூட காணல. இத எண்ணெய்ன்னு விக்க உங்களுக்கு எப்படிங்க மனசு வருது?"

கலர் ஏத்துங்க

உடையார்பாளையத்திலிருந்து ஓர் அம்மா, கல்யாணம் நிச்சயமான மகள் செல்வியை அழைத்து வந்தார். நல்ல கருப்பு, களையான முகம். கன்னம் மட்டும் வறண்டு வெள்ளை பூத்திருந்தது. ஜோஜோபா போட்டு வெள்ளையாக்கித் தர வேண்டுமாம்.

வறட்சி போகும், தோல் மெத்தென்று ஆகும், நிறம் மாறாது, மாற வேண்டிய அவசியமும் இல்லை என்றேன். அதையும் காதுக்குப் பின்னால் ஒரு சொட்டு தடவிப் பார்த்து, அரிப்பு வராவிட்டால்தான் முகத்தில் போடுவேன் என்றேன். செல்வி தரையைப் பார்த்தபடி நின்றாள். அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே அந்த அம்மா வாசலிலிருந்து கத்தினார்.

"கலர் ஏத்தத் தெரியாதவங்க எதுக்குங்க போர்டு மாட்டிக் கட தொறந்து வச்சிருக்கீங்க?"

பெயரில்லாத டப்பா

கொஞ்ச நாளில் செல்வி மறுபடி வந்தாள், இந்த முறை அப்பாவோடு. முகத்தை மூடியிருந்த துப்பட்டாவை விலக்கினாள். முகமெல்லாம் சிவந்து, தோல் உரிந்து, இமை வீங்கியிருந்தது. பெயர்கூட ஒட்டாத டப்பாவில் யாரோ விற்ற வெள்ளையாக்கும் க்ரீமை அம்மா தினமும் பூசிவிட்டிருக்கிறார். கல்யாணத்துக்குள் முகம் தேறுமா என்று அந்தப் பெண் அழுதாள்.

"அந்த எண்ணெயப் போடுங்கக்கா, எரியுது" என்றாள். புண்பட்ட தோலில் எந்த எண்ணெயும் வைக்க மாட்டேன், முதலில் தோல் டாக்டரிடம் போங்கள் என்றேன். அந்த டப்பாவை விற்றவன் எதிரில் இருந்திருந்தால் அவன் முகத்திலேயே அப்பியிருப்பேன்.

அவள் அப்பா சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறவர். லேடீஸ் பார்லர் என்று உள்ளே வராமல், வெடித்த கைகளைக் கட்டிக்கொண்டு படியிலேயே நின்றிருந்தார்.

"நானும் கருப்பு, எம் பொண்ணும் கருப்பு. எங்களப் பத்தி யாருங்க கம்ப்ளெய்ண்ட் குடுத்தது?"

முகூர்த்தத்துக்கு முன்னால்

டாக்டர் மருந்தில் முகம் தேறியது. அவர் சரியென்ற பிறகு, காதுக்குப் பின்னால் தடவிப் பார்த்துவிட்டு, ஈர முகத்தில் இரண்டு மூன்று சொட்டு ஜோஜோபா தடவச் சொன்னேன். வறட்சி போய்ப் பழைய கருப்பு பளபளவென்று திரும்பி வந்தது. அப்பாவும் தன் கைக்கு ஒரு பாட்டில் வாங்கிப் போனார், வீட்டில் சொல்ல வேண்டாமென்று.

கல்யாணத்தன்று மண்டபத்தில் மேக்கப் போட உட்கார்ந்தால், அம்மா கையில் ஒரு டப்பா பவுடர், சுண்ணாம்பு நிறத்தில். போட்டோவில் பளிச்சென்று விழ வேண்டுமாம். இவ்வளவுக்குப் பிறகுமா என்று எனக்கு ரத்தம் தலைக்கேறியது. பிரஷ்ஷைக் கீழே போட்டுவிட்டு வாயைத் திறந்தேன். அதற்குள் செல்வி டப்பாவை வாங்கி மூடி அம்மா கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

"கை ஒரு கலரு, மூஞ்சி ஒரு கலருன்னா அவரு யாருக்கும்மா தாலி கட்டுவாரு? நான் ஒரே ஆளாவே உக்காந்துக்கறேன்."

ஜோஜோபா வறட்சியைப் போக்கும், முடி நுனியை அடக்கும், அப்பிய மேக்கப்பைக்கூட அழகாக எடுத்துவிடும். பெற்றவர்கள் கண்ணில் படிந்திருப்பதை எடுக்கிற பாட்டில் மட்டும் இன்னும் என் கடைக்கு வந்து சேரவில்லை.