ஆடி கழியட்டும் என்றேன்

சமஸ்தானம் இருந்தவரை, என் வீட்டை யாருக்கு விடுகிறேன் என்று என்னை ஒருவரும் கேட்டதில்லை. புதுக்கோட்டை சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்த பிறகு அதற்கும் சட்டம் வந்தது. வாடகை வீடு காலியானால் ஏழு நாளுக்குள் தாலுகா ஆபீசுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். சர்க்கார் உத்தியோகஸ்தருக்குத் தேவையென்றால் அவர்களே எடுத்துக்கொள்வார்கள். நமக்கே வேண்டுமென்றால் அதையும் அந்தக் காகிதத்திலேயே கேட்டுவிட வேண்டும்.

எங்கள் வீட்டுக்கு அடுத்து எனக்குச் சொந்தமான சிறு வீட்டில் ஒரு வாத்தியார் குடியிருந்தார். அறந்தாங்கிக்கு மாற்றலாகி, ஆடி பிறக்குமுன் போய்விட வேண்டும் என்று ஆனிக் கடைசியில் சாமான்களை ஏற்றினார். சாவியைக் கொடுக்கும்போது, "தாலுகா ஆபீசுக்கு ஒரு வரி எழுதிப் போட்டுருங்க, மறந்துறாதீங்க" என்றார்.

"ஆடி கழியட்டும் சார்" என்றேன்.

அந்த வீடு என் தங்கைக்கு. புருஷனை இழந்து, கீரமங்கலத்தில் கொழுந்தன் வீட்டில் இரண்டு பெண் குழந்தைகளோடு ஒண்டிக்கொண்டிருந்தாள். ஆவணியில் வந்துவிடு என்று சொல்லி அனுப்பியிருந்தேன். ஏற்கெனவே பட்டவள். அவள் குடியேறப்போகிற வீட்டுக்கு ஆடியில் பேனா எடுப்பதா? எனக்குக் கை வரவில்லை. வெள்ளிக்கிழமை அம்மனுக்குக் கூழ் ஊற்றி, அவளுக்கு ஒரு கூரை கொடு தாயே என்று வேண்டிக்கொண்டேன். அம்மனிடம் கேட்டதை ஆபீசில் கேட்கவில்லை.

ஆடி பாதியில் ஆபீஸ் சேவகன் ஓர் உத்தரவைக் கொண்டுவந்தான். வீட்டை ஒரு கோர்ட்டுக் குமாஸ்தாவுக்கு ஒதுக்கிவிட்டார்கள். ஓடினேன்.

"ஏங்க, ஏழு நாளைக்குள்ள எழுதணும்னு தெரியாதா?" என்றார் அங்கிருந்த கிளார்க்.

"தெரியுமுங்க. ஆடி மாசமாச்சேன்னு..."

"ஆடின்னா? ஆபீசைப் பூட்டிட்டு நாங்களும் கூழு குடிக்கப் போயிறணுமா?"

பக்கத்து மேஜைக்காரர் சிரித்தார்.

"தங்கச்சிக்கு வச்சிருந்த வீடுங்க. தாலி அறுத்தவ. ரெண்டு பொட்டப்புள்ளைக."

சிரிப்பு நின்றது. "இதை அன்னைக்கே எழுதியிருந்தா ஒங்க வீட்டை யாருங்க கேக்கப்போறா? இப்ப ஆர்டர் போட்டாச்சு. போங்க."

கோர்ட்டுக் குமாஸ்தா ஆடிச் செவ்வாயிலேயே சாமான் இறக்கினார். பால்கூடக் காய்ச்சவில்லை. நல்ல மனுஷர்தான். அவரைத் திட்ட எனக்கு வாயில்லை.

தங்கையிடம் நேரில் சொல்லக் கீரமங்கலம் போனேன். வாசலில் என்னைக் கண்டதும் அவள் ஓரகத்தி உள்ளே பார்த்துக் கத்தினாள்: "இந்தா, அண்ணன் வீட்டுக்குப் போறேன் போறேன்னியே, வந்துட்டாரு! வில்லுவண்டி எங்கிட்டு நிக்குதுன்னு கேளு!"

தங்கை துணிகளை மூட்டை கட்டியே வைத்திருந்தாள். நடந்ததைச் சொன்னேன். அவள் அழவில்லை.

"எழுத மறந்துட்டியாண்ணே?"

"மறக்கல ஆத்தா. ஒனக்கு நல்லதா அமையணும்னுதான்..."

"நாளும் கெழமையும் பாத்துப் பாத்துத்தானே என்னைய இங்க கட்டிக்குடுத்தீங்க" என்றாள்.

பிறகு என்னைப் பார்க்கவே இல்லை. முடிச்சை அவிழ்த்து, பிள்ளைகளின் பாவாடைகளை ஒவ்வொன்றாக உதறி, மறுபடியும் கொடியில் போட்டாள்.