பத்து நிமிட நடை

அந்த மூன்றடுக்கு எவர்சில்வர் கேரியர் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அடித்தட்டில் ஒரு நசுங்கல். கள்ளக்குறிச்சியில் நான் அதிகாரியாக இருந்த மூன்று வருடத்தில் அதை ஒருநாள்கூடத் தூக்கியதில்லை. தூக்கியவர் எங்கள் அலுவலகப் பியூன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அன்றைக்கு 'நீ' என்றுதான் கூப்பிட்டேன். 'அவர்' என்று எழுத இத்தனை காலம் ஆகியிருக்கிறது.

அதற்கு முன் சென்னையில் பஸ்ஸைத் துரத்தி ஓடியவன்தான் நான். அங்கே என்னை யாருக்குத் தெரியும்? இது சின்ன ஊர். கடைத்தெருவில் பாதிப் பேர் எழுந்து வணக்கம் வைப்பார்கள். வீடு பத்து நிமிட நடைதான். ஆனாலும் ஜீப்பில்தான் போவேன். ஆபீசர் நடந்தால் ஜீப்பைப் பிடுங்கிவிட்டார்களோ என்று பேசுவார்கள். உடம்பு அசையாமல் இருப்பதுதான் பதவி என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

இட ஒதுக்கீட்டுப் போராட்டத்தில் சாலையெல்லாம் மரங்களை வெட்டிப் போட்டிருந்த வாரம் அது. பஸ் இல்லாததால் அலுவலகத்தில் நானும் பியூனும்தான். என்னை இறக்கிவிட்ட ஜீப்பை மேலதிகாரி வாங்கிக்கொண்டு போய்விட்டார். பத்து மணிக்குப் பியூன் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். அவருக்கு மலைமேல் கரியாலூர்ப் பக்கம் வீடு; வார நாட்களில் அலுவலகத்திலேயே படுத்துக்கொள்வார்.

"மலையிலேர்ந்து ஆள் வந்துச்சுங்க. அம்மாவுக்கு இழுத்துக்கினு கெடக்குதாம். இப்பவே கெளம்புனா பொழுதுக்குள்ள நடந்து ஏறிருவேன் சார்."

"போயிட்டு வா. மத்தியானச் சாப்பாட்டை மட்டும் கொண்டாந்து வெச்சிட்டுப் போ" என்றேன்.

கேரியரும் கையுமாக நான் நடப்பதை ஊர் பார்க்குமே என்பதைத் தவிர வேறு காரணமே இல்லை. அவர் போனார். என் வீட்டு வாசலில் சமையல் முடியும்வரை காத்திருந்து, பன்னிரண்டரைக்குக் கேரியரை மேசையில் வைத்துவிட்டு மலையைப் பார்த்து நடந்தார். நான் வயிறு நிறையச் சாப்பிட்டேன். அதுவும் நினைவிருக்கிறது.

காரியம் முடிந்து மொட்டைத் தலையோடு திரும்பி வந்தார்.

"பொழுது எறங்கசொல்ல போயிடுச்சாம். அதுக்கப்பறம்தான் நான் போய்ச் சேந்தேன். வாயில ஒரு சொட்டு பாலு ஊத்தல சார்" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "மணியாவுது. கேரியர் எடுத்தாரட்டுங்களா?" என்றார்.

தலையாட்டினேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. வெட்கம்கெட்டு அன்றும் அவர் கையால் வந்ததைச் சாப்பிட்டேன்.

இப்போது மகளோடு இதே ஊரில்தான் இருக்கிறேன். ஊர் பெருத்துவிட்டது, என்னை யாருக்கும் தெரியாது. சர்க்கரை இருக்கிறது, நடந்தே ஆக வேண்டும் என்கிறார் டாக்டர். போன வாரம் அந்தக் கேரியரை எடுத்துக்கொண்டு, பழைய வீட்டு வாசலிலிருந்து அலுவலகம் வரை நடந்தேன். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. இந்த வயதிலும், இந்தக் காலோடும், ஒன்பது நிமிடம்தான் ஆயிற்று.