பூப்பறிக்கும் நேரத்தில் பந்தடிக்க வந்தவள்

கோல்ஃப் கோச் என்று சொன்னால் திண்டுக்கல்லில் அடுத்த கேள்வி, "சரி, வேலைக்கு எங்க போறீங்க?" என்பதுதான். சிலம்பமோ கராத்தேயோ கிரிக்கெட்டோ, அடுத்தவர் பிள்ளையை வெயிலில் நிறுத்தித் திட்டு வாங்குகிற நாம் எல்லாரும் ஒரே கட்சி என்பதால் உங்களிடம் தைரியமாகச் சொல்கிறேன். கெட்டிக்காரப் பிள்ளைகளைத் தேடிப்பிடித்து மண்டல அணிக்குத் தயார் பண்ணுவது என் வேலை. மைதானமா? தண்ணி இல்லாத குளம்தான்.

பிடி

புதிதாக வருகிற பிள்ளைகள் மட்டையைப் பாம்பின் கழுத்தைப் பிடித்த மாதிரி நெரிப்பார்கள். "லேசா, லேசா" என்று கத்தியே என் தொண்டை போய்விட்டது. கொடைரோடு பக்கத்திலிருந்து வந்த பவித்ரா, ஏழாவது படிக்கிறவள், முதல் நாளே சரியாகப் பிடித்தாள். பந்து நேராகப் போய்க் கரைக்கு அந்தப் பக்கம் விழுந்தது. யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டேன். தினமும் அப்பாவோடு மல்லிகைப்பூப் பறிக்கிறாளாம். "இறுக்கிப் பிடிச்சா மொக்கு கசங்கிரும் சார். கசங்குன பூவை யாவாரி எடுக்க மாட்டாரு," என்றாள்.

கெடு

எனக்குத் தலைகால் புரியவில்லை. இப்படி ஒரு கை லேசில் கிடைக்குமா? ஆனால் பயிற்சி காலை ஆறு மணிக்கு. பூப்பறிப்பும் அதே நேரம். வெயில் ஏறவிட்டால் மொக்கு விரிந்துவிடும். வாரத்தில் இரண்டு நாள் வந்தாலே பெரிசு.

அவள் அப்பா செல்வராசுவைப் பார்க்கத் தோட்டத்துக்கே போனேன். டீ வாங்கிக் கொடுத்தார். மண்டல அணியில் சேர்ந்தால் பயிற்சி, பயணம், சாப்பாடு எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்று அடுக்கினேன். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிவிட்டுக் கடைசியில் சொன்னார்: "செலக்சன் வரைக்கும் விடுறேன் சார். எடுக்கலேன்னா அன்னியோட மட்டையை உங்ககிட்டயே குடுத்துருவா. எனக்கு ஆள் பத்தல."

புல்லு

அன்றிலிருந்து பள்ளிக்கூடம் விட்டதும் தோட்டத்து மூலையில் தனியாக அடித்துப் பழகினாள் பவித்ரா. அம்புட்டு ஆசை.

செலக்சன் கோயம்புத்தூர்ப் பக்கம். எட்டுப் பேரை எடுப்பார்கள். எங்கள் குளத்தில் வெறும் மண். அங்கே கண்ணுக்கெட்டிய தூரம் புல். அடித்தால் புல்லோடு ஒரு கை மண் பெயர்ந்து வரும். அதை எடுத்துப் பழைய இடத்தில் வைத்து மிதித்துவிட்டுப் போவது ஆட்டத்து மரியாதை. மற்ற பிள்ளைகள் ஒரே மிதி. பவித்ரா குந்தி உட்கார்ந்து, வேரைக் கீழே வைத்து, சுற்றி மண் அணைத்து, குடிக்க வைத்திருந்த தண்ணியையும் ஊற்றினாள். ஒவ்வொரு அடிக்கும்! பின்னால் வந்தவர்கள் காத்து நின்றார்கள். நடுவர் ஒரு தடவை எச்சரித்தார்; அடுத்த தடவை தாமதத்துக்கு அபராதமாக அவள் கணக்கில் ஓர் அடியைக் கூட்டிவிட்டார். எங்கள் ஆட்டத்தில் குறைந்த அடியில் முடிக்கிறவர்தான் முன்னால். எட்டாவதாக இருந்தவள் ஒன்பதாவதுக்கு இறங்கிவிட்டாள். "விட்டுட்டு வா தாயி!" என்று கெஞ்சினேன். கண் கலங்க அவள் சொன்னாள்: "வேரு தெரியுது சார். அப்படியே போட்டா காஞ்சிரும்ல?"

பை

செல்வராசுவும் வந்திருந்தார். பிள்ளையின் மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு பெரியவர் ஒருவர் கூடப் போகலாம். "அதெல்லாம் நமக்கெதுக்கு" என்று காலையில் ஒதுங்கிக்கொண்ட மனுசன், இப்போது என் சட்டையைப் பிடித்து இழுத்தார். வேறொரு பிள்ளையின் அப்பா மண்ணை மிதித்துக்கொண்டிருந்ததைக் காட்டி, "அது மாதிரி நான் செய்யலாமா?" என்றார். நடுவரைக் கேட்டேன்; சரி என்றார்.

அவ்வளவுதான். வேட்டியை மடித்துக் கட்டி, மகளிடமிருந்து பையை வாங்கிக்கொண்டார். அவள் அடிக்க அடிக்க, இவர் பின்னாலேயே பெயர்ந்த புல்லை நட்டுக்கொண்டு போனார். அவள் திரும்பியே பார்க்கவில்லை. ஒரே ஓர் அடி வித்தியாசத்தில் எட்டாவது இடம் அவளுக்கு! நான் குதித்தேன், அழுதேன், எல்லாம் பண்ணினேன். செல்வராசு மண் ஒட்டிய கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு வந்து, "பூவுக்கு வேற ஆள் பாத்துக்கிறேன் சார். இவளை ஆறு மணிக்கு நானே கொண்டாந்து விடுறேன்," என்றார்.

இந்தத் தொழிலில் ஒரு பிள்ளையைத் தேத்திவிடுவது சுலபம், அதற்கப்புறம் தினமும் கரையில் நின்று நமக்கே கோல்ஃப் சொல்லித் தருகிற அப்பாவைத் தாங்குவதுதான் பெரும்பாடு.